பனி மூடினாலும் பண்ணை மூடுவதில்லை: கன்னியர் நிலத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஒரு பாடம்

தை மாதக் கடைசியில் கல்வராயன் மலைக் கிராமங்களில் களம் காலியாகிவிடும். சாமை எப்போதோ வீட்டுக்கு வந்திருக்கும். மொச்சையும் துவரையும் அறுத்து முடிந்திருக்கும். மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறிப் போயிருக்கும். அடுத்த விதைப்புக்கு ஆடி வர வேண்டும். மாசி தொடங்கி ஆனி வரை ஐந்து மாதம் நிலத்தில் பெரிதாக வேலை இல்லை. கையில் காசும் இல்லை. வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்கும் பேருந்துகளில் துணிமூட்டையும் பாத்திரமுமாகக் குடும்பங்கள் ஏறுவது இந்த மாதங்களில்தான். காபித் தோட்டம், செங்கல் சூளை, கட்டட வேலை என்று ஆளுக்கொரு திசை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பட்டா, பிழைப்பு என்று பல கேள்விகள் எழுந்தன. அவற்றில் விவசாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு நிலம் பன்னிரண்டு மாதமும் வேலையும் உணவும் வரவும் தருமா?

மானாவாரியில் அது எங்கே நடக்கும் என்று கேட்கத் தோன்றும். மழை இல்லாததை விடக் கடுமையான தடை ஒன்றை வைத்துக்கொண்டே அதைச் செய்து காட்டிய பண்ணை ஒன்று இருக்கிறது. ஆண்டில் நான்கு மாதம் அங்கே மண்ணே உறைந்து கிடக்கும். நடத்தியவர்கள் கத்தோலிக்க அருட்சகோதரிகள்.

கன்னியர் கைக்கு வந்த நிலம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிளேர்ஸ்டவுன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜெனிசிஸ் பண்ணை. விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் பெயரைத்தான் பண்ணைக்கு வைத்திருக்கிறார்கள். கால்டுவெல் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட டொமினிக்கன் சபை அருட்சகோதரிகளுக்கு 140 ஏக்கர் நிலம் கொடையாக வந்தது. விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். நியூயார்க் நகரம் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டும் தூரம். ஆனால் 1980-ல் அந்த நிலத்தைப் பண்ணையாகவும் கற்கும் இடமாகவும் மாற்றினார்கள். முன்னின்று நடத்தியவர் அருட்சகோதரி மிரியம் மெக்கில்லிஸ். தாமஸ் பெர்ரி என்ற கத்தோலிக்கக் குருவின் எழுத்துகள் அவருக்கு வழிகாட்டின. பூமி மனிதனுக்குச் சொந்தமான பொருளல்ல, மனிதன்தான் பூமியைச் சேர்ந்தவன் என்பது பெர்ரியின் சிந்தனையின் சாரம்.

சுற்றுச்சூழல் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டது 2015-ல். அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சகோதரிகள் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

டொமினிக்கன் சபைக்கும் நம்மூர் இயற்கை விவசாயத்துக்கும்கூட ஒரு பழைய தொடர்பு உண்டு. 1958-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் அந்தச் சபைக் குரு. அவர் தொடங்கிய ‘அமைதித் தீவு’ அமைப்பின் களக்காடு திட்டத்தில்தான், அரசு வேலையை விட்டு வந்த நம்மாழ்வார் பத்தாண்டுக் காலம் பணியாற்றினார்.

பனிக்காலம்: கணக்குப் போடும் காலம்

டிசம்பரில் பனி விழத் தொடங்கினால் மார்ச் வரை அங்கே ஏர் இறங்காது. நம்மூர் விவசாயி மாசியில் நிற்கும் அதே நிலை. ஆனால் அந்த நான்கு மாதத்துக்கான ஏற்பாடு முந்தைய கோடையிலேயே தொடங்கிவிடும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி ஆகியவை நாள்பட இருப்புத் தாங்கும். பனிக்காலத்தில் எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி பரப்பை ஒதுக்கி விதைக்கிறார்கள். அறுத்த காய்கள் குளிர்ந்த இருட்டறையில் அடுக்கப்படுகின்றன. வெளியே பனி கொட்டும்போதும் பண்ணையிலிருந்து காய்கறி போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த ஆண்டின் பயிர்த் திட்டம் போடுவதும், விதை தேர்வதும், கருவிகளைச் செப்பனிடுவதும் இந்த மாதங்களில்தான். எந்தப் பாத்தியில் போன ஆண்டு என்ன இருந்தது, இந்த ஆண்டு என்ன மாற வேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் ஏறிவிடும்.

பணம் வருவதும் இந்தக் காலத்தில்தான். 1980களின் இறுதியில் இந்தப் பண்ணையில் ‘சமூக ஆதரவுத் தோட்டம்’ தொடங்கியது. சுற்றுவட்டாரக் குடும்பங்கள் விதைப்புக்கு முன்பே ஒரு பங்குத் தொகையைக் கட்டிவிடுகின்றன. விளைச்சல் வந்ததும் வாராவாரம் அவர்களுக்கு உரிய பங்கு போகிறது. நன்றாக விளைந்தால் கூடை நிறையும். ஆலங்கட்டி மழை அடித்தால் கூடை குறையும். லாபமும் நட்டமும் இருவருக்கும் பொது. அமெரிக்காவில் இந்த முறை 1986-ல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. ஜப்பானில் அதற்கு முன்பே, 1970களில், விவசாயிகளும் நகரத்துக் குடும்பத் தலைவிகளும் ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் இதே போன்ற ஏற்பாட்டை நடத்தினார்கள்.

கரும்பை வெட்டி அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அறுவடைக்குப் பிறகு வர வேண்டிய பணம் விதைப்புக்கு முன்பே வந்துவிடுகிறது. விதைக்கும் கூலிக்கும் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

வசந்தம், கோடை, இலையுதிர் காலம்

மார்ச் மாதத்தில் பசுமைக்குடிலுக்குள் வெங்காய நாற்று முளைக்கும். மண் இளகியதும் பட்டாணியும் கீரைகளும் வெளியே விதைப்பாகும். ஆனால் மே மாத நடுப்பகுதி வரை திடீர் உறைபனி வரலாம். அதுவரை தக்காளி, மிளகாய் நாற்றுகள் குடிலை விட்டு வெளியேறுவதில்லை. முந்திக்கொண்டு நட்டவர் மொத்தத்தையும் இழப்பார். ஆடிப் பட்டத்தைத் தவறவிடுவது நமக்கு எப்படியோ, பனி விலகும் நாளைத் தவறாகக் கணிப்பது அவர்களுக்கு அப்படி.

பண்ணையின் தோட்டம் உயிராற்றல் வேளாண்மை முறையைப் பின்பற்றியது. மாட்டுக் கொம்பில் சாணத்தை நிரப்பி, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, பிறகு எடுத்துக் கரைத்துத் தெளிக்கும் கொம்பு சாண உரம் இந்த முறையில் வருவதுதான். தமிழ்நாட்டிலும் பலர் புரட்டாசி, ஐப்பசியில் புதைத்துப் பங்குனியில் எடுக்கிறார்கள். அந்தக் கரைசலின் பலன் பற்றி ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஆனால் இந்த முறையோடு சேர்ந்து வரும் மட்கு உரம், பயிர்ச் சுழற்சி, மாட்டோடு இணைந்த விவசாயம் ஆகியவற்றின் பலனில் சந்தேகம் இல்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அறுவடை. ஜூலையில் பூண்டு பிடுங்கி உலர்த்துவார்கள். பங்குதாரக் குடும்பங்கள் காய் வாங்க வரும்போது பிள்ளைகளும் வருவார்கள். கேரட் மண்ணுக்குள் விளைகிறது என்பதையே அங்கே வந்து தெரிந்துகொண்ட நகரத்துப் பிள்ளைகள் உண்டு.

செப்டம்பர், அக்டோபரில் இலை பழுக்கத் தொடங்கும். உருளையும் பூசணியும் உள்ளே போகும். காலியான பாத்திகளில் கம்பரிசிப் புல்லும் வெட்ச் என்ற பயறு வகைத் தீவனமும் மூடாக்குப் பயிராக விதைக்கப்படும். பனியின் அடியில் அவை மண்ணைப் பிடித்து நிறுத்தி, வசந்தத்தில் மடக்கி உழப்பட்டுப் பசுந்தாள் உரமாகும். உறைபனிக்கு முன் பூண்டுப் பற்கள் மண்ணுக்குள் போய்விடும். அடுத்த கோடையின் முதல் அறுவடைக்கு இலையுதிர் காலத்திலேயே விதை விழுந்தாயிற்று. வெறும் மண்ணாக ஒரு பாத்தியையும் விடுவதில்லை.

இந்தியானா மாநிலத்தில் பிராவிடன்ஸ் சபைச் சகோதரிகள் நடத்தும் ‘ஒயிட் வயலட்’ மையம் இடைவெளியை வேறு வழியில் நிரப்புகிறது. 1840-ல் பிரான்சிலிருந்து வந்த ஆறு சகோதரிகள் காட்டுக்கு நடுவே தொடங்கிய மடம் அது. 1996-ல் அங்கே சூழலியல் மையம் ஏற்பட்டது. காய்கறி, பழமரம், தேனீ ஆகியவற்றோடு அல்பாகா என்ற உரோமக் கால்நடையையும் வளர்க்கிறார்கள். வசந்தத்தில் உரோமம் கத்தரித்தால், நூற்பதும் பின்னுவதும் மற்ற மாதங்களுக்கான வேலை. நிலம் ஓய்வெடுக்கும்போது கைக்கு வேலை இருக்கிறது.

மலையின் நாட்காட்டி

இனி கல்வராயனுக்கு வருவோம். இங்கே பனிக்கட்டி இல்லை. ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கோடை மழையும் கிடைக்கும். அந்தப் பண்ணையை விட நல்ல வாய்ப்பு. குறை எங்கே என்றால், ஒரே பயிரை நம்பி நிற்பதில்.

மரவள்ளி வந்த பிறகு சாமை, திணை, வரகு நிலங்கள் சுருங்கின. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை எடுத்துக்கொள்வதால் கையில் மொத்தமாகப் பணம் கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சரிவு நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மேல்மண் கிளறப்படுகிறது. அடுத்த மழையில் ஓடைக்குப் போகிறது. விலை விழுந்தால் ஆண்டு வருமானமே விழுகிறது. 2020-ல் இந்தியாவுக்குள் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி என்ன செய்தது என்பதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ‘அனகைரஸ் லோபெசி’ என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை 2022 முதல் தமிழ்நாட்டு வயல்களில் விட்ட பிறகே அந்தப் பூச்சி கட்டுக்குள் வரத் தொடங்கியது. நிலம் முழுக்க ஒரே பயிர் என்றால் ஒரே பூச்சி போதும்.

மரவள்ளியை விட்டுவிட வேண்டியதில்லை. அது நிலத்தில் ஒரு பங்கோடு நிற்கட்டும். மிச்சத்தை மாதவாரியாகப் பிரித்தால் மலைக்கும் ஒரு முழு ஆண்டு நாட்காட்டி கிடைக்கும்.

சித்திரை, வைகாசி: கோடை மழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே உழவு. கல் வரப்புகளைச் சரிசெய்வது, வரப்போரம் வெட்டிவேர் நடுவது. பலா, மா பழுக்கும் காலம். காட்டில் தேன் எடுக்கும் காலமும் இதுதான்.

ஆனி, ஆடி: மட்கு உரம் இட்டுச் சாமை, திணை விதைப்பு. ஆறு வரிசைச் சாமைக்கு ஒரு வரிசை துவரை. வரப்போரம் மொச்சை, அவரை.

ஆவணி, புரட்டாசி: களை எடுப்பு. வீட்டுப் பக்கம் கீரை, பூசணி, பீர்க்கன். பயிர் வராத மேட்டு நிலத்தில் புரட்டாசிக் கடைசியில் கொள்ளு விதைப்பு. மண்ணை மூடவும் மாட்டுக்குத் தீவனமாகவும் அது உதவும்.

ஐப்பசி, கார்த்திகை: சாமை அறுவடை. அடுத்த ஆண்டு விதைக்கு நல்ல கதிர்களை நிலத்திலேயே தேர்ந்து தனியாக எடுப்பது.

மார்கழி, தை: மொச்சை, துவரை, கொள்ளு அறுவடை. மரவள்ளி பிடுங்குதல்.

மாசி, பங்குனி: கடுக்காய் பொறுக்குதல், புளி உலுக்கிக் கொட்டை எடுத்தல், சாமையை அரிசியாக்குதல்.

கடைசி வரியில்தான் இடைவெளிக்கு மருந்து இருக்கிறது. கல்வராயன் கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைகளில் நல்ல பெயர் உண்டு. சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் மலைவாழ் மக்களுக்கு உள்ள உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. கிராம சபை வழியாக அந்த உரிமையை எழுத்தில் பெற்றுக்கொள்வது முதல் வேலை. புளியை ஓட்டோடு விற்பதை விடக் கொட்டை நீக்கி விற்றால், அந்தக் கூலி வீட்டிலேயே தங்கும். சாமையை நெல்லாக மூட்டையில் விற்பதற்கும் அரிசியாக விற்பதற்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் சிறுதானிய அரைவை இயந்திரங்களை நடத்தின. உரலில் குத்தும் சிரமத்தால் சாமையைக் கைவிட்ட பெண்கள் பலர். இயந்திரம் ஊருக்கு வந்தால் பயிரும் ஊருக்குத் திரும்பும்.

முன்பணம் மலைக்கு வருமா?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் நகரங்களில் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வணிகர்கள் என்று மாதச் சம்பளமோ நிலையான வரவோ உள்ள குடும்பங்கள் நிறைய. சாமை அரிசி, நாட்டு மொச்சை, தேன், கொட்டை நீக்கிய புளி ஆகியவற்றை அவர்கள் கடையில் வாங்கத்தான் செய்கிறார்கள். ஐந்து விவசாயக் குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, இருபது நகரத்துக் குடும்பங்களோடு வைகாசியில் ஓர் ஒப்பந்தம் செய்யலாம். ஆண்டுத் தேவையில் ஒரு பகுதிக்கு முன்பணம். கார்த்திகை முதல் ஆனி வரை மாதம் ஒரு மூட்டை. எந்த மாதம் என்ன வரும், மழை பொய்த்தால் எதைக் குறைப்போம், எதை மாற்றித் தருவோம் என்பதெல்லாம் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மழை பொய்த்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

இதில் உண்மையான முதல் நம்பிக்கை. ஒரு மூட்டையில் கல்லும் பூச்சியும் கிடந்தால் அடுத்த ஆண்டு இருபது குடும்பம் பத்தாகிவிடும். முதல் ஆண்டில் ஆசைப்பட்டு நூறு குடும்பத்தைச் சேர்ப்பதை விட, இருபது குடும்பத்துக்குச் சொன்ன நாளில் சொன்ன அளவைக் கொடுப்பதே நல்லது.

அவர்களுக்கு இருந்தது, நமக்கு இல்லாதது

சகோதரிகளின் பண்ணையை அப்படியே நகல் எடுக்க முடியாது. அவர்களுக்கு நிலம் கடன் இல்லாமல் கிடைத்தது. பின்னால் சபை நின்றது. பயிற்சி வகுப்புகளும் நடத்தினார்கள். பிள்ளையின் படிப்புக்கோ திருமணத்துக்கோ நிலத்தை அடகு வைக்க வேண்டிய நிலை அங்கே இல்லை. கல்வராயனில் ஜாகீர்தார் முறை 1976-ல்தான் ஒழிந்தது. தலைமுறையாக உழுதும் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் இன்றும் உண்டு. பட்டா இல்லையென்றால் வங்கிக் கடனும் பயிர்க் காப்பீடும் எட்டாது. பயிர்த் திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த முடிச்சை அரசுதான் அவிழ்க்க வேண்டும்.

ஆனால் ஒரு செய்தியில் அவர்கள் செய்தது எல்லோருக்கும் பொருந்தும். நியூயார்க்கின் வீட்டுமனை வியாபாரம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது, அந்த நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையையே நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் பத்திரத்தின் கீழ் அதைக் கொண்டுவந்தார்கள். நாளை யார் கைக்குப் போனாலும் அது விளைநிலம்தான். சேலம், உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓரம் மனைக் கற்கள் முளைத்த வயல்களைப் பார்ப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். விற்க மாட்டோம் என்று முடிவான நிலத்தில்தான் கல் வரப்பு போடவும், பலாக் கன்று நடவும், பத்தாண்டு காத்திருந்து மண்ணைத் தேற்றவும் மனம் வரும்.

மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் மலையை விற்கும் பொருளாக என்றைக்கும் பார்த்ததில்லை. அந்த மனம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே பனிக்கட்டி நிரப்பிய மாதங்களை இருப்பு அறையும் முன்பணமும் மீட்டன. இங்கே வெயில் காயும் மாசியையும் பங்குனியையும் புளியும் கடுக்காயும் சாமை அரிசியும் மீட்க முடியும். அந்த மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் ஒரு குடும்பம் குறைந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் முழு ஆண்டும் உட்காரும்.

இந்த ஆண்டே தொடங்க...

• மொத்த நிலத்தையும் மாற்ற வேண்டாம். முதலில் கால் பங்கு நிலத்தில் மட்டும் கலப்புப் பயிர்.

• சாமைக்கு ஏக்கருக்கு வரிசை விதைப்பு என்றால் 4 கிலோ, தூவி விதைத்தால் 5 கிலோ விதை. கடைசி உழவில் 5 டன் மட்கிய தொழுஉரம். உள்ளூர் விதை கிடைக்காதவர்கள் திருவண்ணாமலை அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் வெளியிட்ட ‘அத்தியந்தல் 1’ ரகத்தைக் கேட்டுப் பெறலாம்.

• கொள்ளுக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை.

• மரவள்ளிக்குத் தேமல் நோய் இல்லாத செடியிலிருந்து மட்டும் கரணை எடுக்கவும். 8 முதல் 10 கணுக்கள் இருந்தால் போதும். முதல் இரண்டு மாதம் ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் மண் மூடியிருக்கும்.

• சரிவுக்கு நேராக ஓட்டாமல் குறுக்கே உழவும்; குறுக்கே நடவும்.

• ஒரு ஏடு வாங்கி, எந்த மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது, எவ்வளவு வந்தது என்று எழுதி வரவும். ஓர் ஆண்டு எழுதினால், காலி மாதங்கள் எவை என்று ஏடே சொல்லும்.

மலைப் பயிர்கள், கூட்டு விற்பனை குறித்த சந்தேகங்களை வாசகர்கள் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்பலாம். நிலத்தின் அளவு, மண் வகை, சரிவு ஆகியவற்றையும் குறிப்பிட்டால் பதில் பொருத்தமாக அமையும்.